துருப்பிடித்த சுண்ணாம்புக்கல்

'தண்ணீர் புளிப்பாக இருக்கிறது, எத்தனை மூட்டை சுண்ணாம்பு போடலாம்?' என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்கு மேகாலயாவின் ஜைந்தியா மலை நினைவுக்கு வரும்.

பயிற்சிக்காக அங்கே போயிருந்தேன். எலிவளைச் சுரங்கங்களில் நிலக்கரி தோண்டிய பகுதி. 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை விதித்தது. ஆனால், கைவிட்ட குழிகளில் நிலக்கரியோடு இருக்கும் இரும்புக் கந்தகத் தாது, காற்றும் நீரும் பட்டு அமிலமாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. ஓடையில் மீன் இல்லை. ஓரத்து வயலில் நெல் திட்டுத்திட்டாகக் கருகியிருந்தது.

வயல்காரர் வழி கேட்டார். அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. "வாய்க்காலில் கல்லைப் பரப்புங்கள்" என்றேன். அவர் வாய்க்காலில் இறங்கி ஒரு கல்லை எடுத்து அரிவாளால் சுரண்டிக் காட்டினார். மேலே துருச்சிவப்பு ஓடு, உள்ளே வெள்ளை. "போன வருஷமே போட்டாச்சு சார்" என்று கூட வந்தவர் மொழிபெயர்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இரும்பு படிந்த கல் சரியாகக் கரையாது. கரையாத கல் அமிலத்தை முறிக்காது. மின்சாரமும் மருந்தும் இல்லாமல் இந்த நீரைச் சுத்தம் செய்யும் முறைகள் உண்டு. எது பொருந்தும் என்பதை நீர்தான் சொல்லும்.

நீரில் அமிலத்தைவிடக் காரம் கூடுதலாக இருந்தால், வண்டல் குட்டையும் சம்பங்கோரை வளர்த்த ஆழமில்லாத சதுப்பும் போதும். இரும்பு காற்றுப்பட்டுப் படிந்துவிடும். அமிலம் கூடுதல், ஆனால் ஆக்சிஜனும் அலுமினியமும் துருநிலை இரும்பும் இல்லையென்றால், காற்றுப் புகாமல் மண்ணுக்குள் புதைத்த சுண்ணாம்புக்கல் வடிகால் பொருந்தும். அவை இருந்தால், மேலே மட்கு உரம், கீழே சுண்ணாம்புக்கல் என்று அடுக்கிய குட்டை வேண்டும். மட்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் கல்லில் துரு ஏறாது. ஆனாலும் அலுமினியம் அடைக்கும். அவ்வப்போது நீரை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். திறந்த கல் வாய்க்கால், நீர் வேகமாகப் பாயும் செங்குத்துச் சரிவுக்குத்தான். அவர் வாய்க்காலோ சமதளம்.

இடமும் வேண்டும். நொடிக்கு ஒரு லிட்டர் வரத்து, லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால் ஒரு நாளைக்கு 4,320 கிராம். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் படியும் என்று கணக்கிட்டால், சதுப்புக்கு மட்டும் 432 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 11 சென்ட்.

இதைக் கேட்டதும் அவர், "அவ்வளவு நிலத்தை விட்டால் மிச்சம் பிழைக்குமா?" என்றார். "மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டிலும் வரத்தை அளந்து, நீரைச் சோதித்தபிறகுதான் சொல்ல முடியும்" என்றேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

அதனால்தான் கேட்கிறேன்: மூட்டைக் கணக்குக் கேட்கும்போது நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.