அசதிக்கும் ஒரு நியாயம்

களைப்பு, அலுப்பு, அசதி, அயர்ச்சி என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நாற்று நட்டவளின் அலுப்பும் பந்தி பரிமாறியவனின் அசதியும் ஒரு தூக்கம் போட்டால் தீர்ந்துபோகும். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அவசரப்பட்டுச் 'சோம்பல்' என்று பேர் வைத்துவிடுகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. அருணாசலேசுவரர் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே மலைமேல் நிற்பவர் சீனிவாசப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் அந்தப் படிகளை ஏறி வந்த ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். மார்பில் புற்றுநோய். கட்டியை எடுத்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது பூத்தொடுக்க உட்கார்ந்தால் நாலு கண்ணி கட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது. "நோய்தான் போயிற்றே, இன்னும் என்ன படுக்கை?" என்கிறார்கள் வீட்டில்.

வைத்திய சாஸ்திரம் இதற்குப் பதில் சொல்கிறது. இந்த நோய்க்கு ஏற்றும் மருந்துகளில் டாக்சோருபிசின் என்று ஒன்று, செக்கச்செவேலென்று இருக்கும். அது மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. பின் மூளை ஏன் சோர வேண்டும்? மருந்து நல்ல உயிரணுக்களையும் சிதைப்பதால் உடம்பில் அழற்சி மூளுகிறது. சைட்டோகைன் என்ற தூதுப் பொருள்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. மருந்து போகாத இடத்துக்கும் அவற்றின் சேதி போய்விடுகிறது. காய்ச்சல் வந்தால் 'பேசாமல் படு' என்று மூளை உத்தரவு போடுகிறதல்லவா? ஏறக்குறைய அதே உத்தரவுதான் இதுவும். ஊக்கம், ஞாபகம், தூக்கம் எல்லாம் தடுமாறுகின்றன. ரத்தசோகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சிலருக்கு மருந்து நின்று வருஷக்கணக்கான பிறகும் அந்த உத்தரவு ரத்தாவதில்லை.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தபோது, நோயாளி பிழைப்பாளா என்பதுதான் கேள்வி. இன்று பலர் பிழைக்கிறார்கள். பிழைத்தவள் எப்படி வாழ்கிறாள் என்பது அடுத்த கேள்வி.

நாள் முழுதும் படுத்துக் கிடப்பது இதற்கு மருந்தல்ல. முடிந்தமட்டும் தினம் கொஞ்சம் நடந்தால் அசதி குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ரத்தசோகை, தைராய்டு, மனவாட்டம் என்று சரிசெய்யக்கூடியது ஏதும் உண்டா என்று டாக்டர் பார்க்கலாம். ஆனால் அதற்கு முதலில் அவள் வாய் திறந்து சொல்ல வேண்டும். வீட்டிலேயே சோம்பேறி என்று பேர் வாங்கியவள் டாக்டரிடம் எங்கே சொல்லப்போகிறாள்?