பக்கத்து மாநிலத்துக் கணக்கு

மாநில பட்ஜெட் காலம் வந்தால் தெங்கேராவில் என் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, சிலாங்கூர்ல, பினாங்குல தமிழ்ப்பள்ளிக்கு வருசா வருசம் ஒதுக்குறாங்க. நம்ம மலாக்கா ஏன் அவ்வளவு கொடுக்கல?" பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தம்பி ஒருவர் மனு எழுத வந்தபோதும் இதையே கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் இரண்டு தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் கிடைத்துவிடாது.

நம் நாட்டில் கல்வி மத்திய அரசின் பொறுப்பு. ஆசிரியர் சம்பளம் புத்ராஜெயாவிலிருந்து வருகிறது. மாநிலக் கணக்கில் அது இருக்காது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளமே மாநில பட்ஜெட்டில்தான் வரும். அந்த ஊர்க் கணக்கை இங்கே அளவுகோலாக வைக்க முடியாது.

நிலம் மட்டும் மாநிலத்தின் கையில். தோட்டத்துப் பள்ளிக்கு ஒரு மாநிலம் நிலம் கொடுத்தால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பட்ஜெட்டில் அது ஒரு காசுச் செலவாகக்கூடத் தெரியாமல் போகலாம். இன்னொரு மாநிலம் பத்தாயிரம் வெள்ளிக்கு மாதிரிக் காசோலை நீட்டினால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும்.

வருமானமும் ஒன்றல்ல. அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணைப்படி மத்திய அரசு ஆள்கணக்கில் மானியம் தருகிறது: முதல் 1,00,000 பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட், அடுத்த 5,00,000 பேருக்கு 10 ரிங்கிட் 20 சென், அதற்கு மேல் 10.80, பிறகு 11.40. 2020 மக்கள்தொகையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். மலாக்காவுக்குத் தலைக்கு ஏறக்குறைய 16 ரிங்கிட் 60 சென், சிலாங்கூருக்கு 12 ரிங்கிட். 'சின்ன மாநிலம், காசில்லை' என்ற சமாதானம் இந்த மானியத்துக்குப் பொருந்தாது. ஆனால் இது சிறு தொகை. நிலவரி, தொழிற்பேட்டை என்று பார்த்தால் சிலாங்கூர் எங்கோ இருக்கிறது.

அறிவித்தது வேறு, செலவானது வேறு. தணிக்கை முடிந்த கணக்கு பிறகுதான் வரும். அதற்குள் அடுத்த அறிவிப்பு வந்துவிடும்.

தம்பியிடம் சொன்னேன்: "அவங்க எவ்வளவு, நாம எவ்வளவுன்னு எழுதாதப்பா. போன வருசம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாச்சு, எந்தப் பள்ளி நிலம் இன்னும் பள்ளி பேர்ல இல்ல, இந்த ரெண்டை மட்டும் கேளு."

மொத்தத் தொகையைக் கேட்டால் அடுத்த மாநிலத்தைக் கைகாட்டித் தப்பிக்கலாம். நிலத்தைக் கேட்டால் மலாக்கா அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.