மூடுபனியில் ஒரு மணித்தியாலம்

கல்லூரி ஆசிரியனுடைய வாழ்வு மணியோசைக்குக் கட்டுப்பட்டது. ஒரு பாடத்துக்கு நாற்பது நிமிடம்; நாற்பத்தோராவது நிமிடம் அவனுக்கு உரியதன்று. பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் நானும் என் மனைவியும் தனித்து எங்கும் பிரயாணம் செய்ததில்லை. சென்ற ஆவணி விடுமுறையிலே, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழும் என் மைத்துனர் எங்களை அங்கு அழைத்து, தமது மோட்டார் வண்டியையும் மூன்று நாளுக்குத் தந்துதவினார். நான் செய்த முதற் காரியம், அம்மூன்று நாட்களுக்கும் ஒரு நேரசூசி எழுதியதே!

கார்மெல் என்னும் சிற்றூரிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் வீதி உலகப் புகழ் வாய்ந்தது. ஒரு புறம் செங்குத்தான மலை. மறு புறம் பசிபிக் சமுத்திரம். சிறைக் கைதிகளின் உழைப்பையும் கொண்டு, பல்லாண்டு காலம் பாறை பிளந்து அமைத்த அவ்வீதி 1937ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1932இல், பிக்ஸ்பி என்னும் ஓடைக்கு மேலே ஒற்றை வளைவுப் பாலம் ஒன்று எழுந்துவிட்டது. அதன் உயரம் 260 அடி. அதனைப் பார்ப்பதற்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

ஆனால், அங்கே சென்றபோது பாலத்தையே காணோம்! கடலிலிருந்து எழுந்த மூடுபனி அனைத்தையும் விழுங்கியிருந்தது. "நேரமாகிறது, போவோம்" என்றேன். மனைவியோ இறங்கி, ஓரமாகக் கிடந்த கல்லொன்றில் அமர்ந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் இருந்து பார்த்தால் என்ன? எங்களை ஆர் கலைக்கினம்?"

விடை கூற இயலாமல் நானும் அமர்ந்தேன். பிள்ளைகளின் பரீட்சையும் வீட்டுச் செலவுமல்லாத பேச்சு எங்களிடையே அற்றுப்போய் எத்தனை காலம்! இளமையில் சித்திரம் பயில ஆசைப்பட்டதாகவும், விவாகத்தின் பின் அதனை வாய்விட்டுச் சொல்லவில்லை என்றும் அன்றுதான் சொன்னாள். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தீர்கள்" என்றாள். ஒரு மணித்தியாலத்தின் பின் பனி விலக, பாலத்தின் வளைவு சிறிது சிறிதாக வெளிப்பட்டது. இருவரும் பேசாது பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சான் பிரான்சிஸ்கோ நகரைக் கடந்து, வடக்கேயுள்ள நாப்பாப் பள்ளத்தாக்கை அடைந்தோம். முப்பது மைல் நீளமான அந்நிலம் முழுவதும் முந்திரிகைத் தோட்டங்கள். நம் யாழ்ப்பாணத்துப் பந்தல்களைப் போலன்றி, கம்பிகளிற் படரும் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரையான காலத்திலே நலிவுற்ற இத்தொழில், 1976இல் பாரிஸ் நகரிலே நடந்த போட்டியில் பிரெஞ்சு மதுவகைகளையும் வென்று தலைநிமிர்ந்தது.

மதுவருந்தாத எங்களுக்கு அங்கே பழமே போதுமாயிருந்தது. தோட்டத்தவர் ஒருவர் சிறு குலையொன்றைக் கொய்து தந்தார். தடித்த தோல், பெரிய விதை, ஆயினும் தேன் போன்ற இனிமை. அதனூடே ஒரு புளிப்பு. காரணம் வினவினேன். ஆழ்கடலின் குளிர்நீர் கரையோரம் மேலெழுவதால், அதன்மேல் வரும் ஈரக்காற்று பனியாகிறது. மாலையில் அப்பனி குடாவழியே பள்ளத்தாக்கினுள்ளும் புகுகின்றது. பகல் வெயில் இனிப்பை ஊட்ட, இரவுக் குளிர் புளிப்பைக் காத்து, பழத்தை அவசரமின்றி முதிர்விக்கிறது. எங்களைப் பாலத்தருகே மறித்த அதே பனியின் இனமே இது!

'புதையல் தீவு' எழுதிய ரொபேட் லூயி ஸ்டீவன்சனும், 1880இல் தாம் மணந்த பானியுடன், இப்பள்ளத்தாக்கின் வடமுனையிலுள்ள மலையிலே, கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கக் கொட்டில் ஒன்றில் வாழ்ந்தார். முந்திய ஆண்டு மொன்ரறேயில் கடும் நோயுற்றிருந்தவர் அவர். தம் மணக்காலத்தை அங்கே நிதானமாகவே கழித்தார். அவ்வனுபவம் பின்னர் ஒரு நூலாயிற்று.

ஊர் திரும்பிய பின் கல்லூரி மணி முன்போலவே ஒலிக்கின்றது. ஆனால் என் மேசைக்கு மேல், நேரசூசிக்குப் பக்கத்தில், பென்சிலால் வரைந்த சித்திரம் ஒன்று தொங்குகிறது. பாதிப் பாலம், மீதி மூடுபனி. வரைந்தவள் யார் என்று மாணவர் கேட்கும்போதெல்லாம் பெருமையோடு சொல்கிறேன்.