மோட்டாரை ஆட்டோவில் போட்டுவிட்டு

கோடையில் நெல் போட்டேன், தென்காசிக்குக் கிழக்கே பாவூர்சத்திரம் பக்கம், போர் தண்ணீரை நம்பி. பேராசை என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மையில் அது சோம்பல்.

எங்கள் பக்கம் நெல்லுக்குக் காரும் பிசானமும்தான் பருவம். ஆனியில் சாரல் பிடித்துச் சிற்றாறு ஓடினால் கார். ஐப்பசி மழையில் குளம் பெருகினால் பிசானம். பிசான அறுப்பு முடிந்ததும் ஈரம் காயுமுன் உளுந்து விதைப்பது அப்பா காலத்து வழக்கம். உளுந்துக்குத் தண்ணீர் அவ்வளவு வேண்டாம், ஆனால் ஆள் வேண்டும்: புழு பார்க்க, களை எடுக்க, காய் பறிக்க. நெல்லென்றால் மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும் அதுவே ஓடும். வயல் நிரம்பியது அதற்குத் தெரியாது. தூங்குகிற எனக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பில்லும் வந்து என்னை எழுப்பவில்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லிட்டர் ஆகும் என்று கூட்டங்களில் பேசியவன் நான். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையும் அத்துப்படி. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் 30 சதவீதம் வரை மிஞ்சும். தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனும் ஏறக்குறைய பாதியாகும். அந்தக் குழாய் என் மோட்டார் ரூமில் சும்மா கிடக்கிறது. வயல் காய்ந்தால் கோரை முளைக்கும், களைக்கூலி ஏறும் என்பது என் சாக்கு.

குற்றாலம் இன்னொரு சாக்கு. விருந்தாளிகளிடம் ஐந்தருவியைக் காட்டி, "எங்க ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்?" என்று பீற்றிக்கொள்வேன். அருவித் தண்ணீர் சிற்றாற்றோடு தாமிரபரணிக்குப் போய்விடும். நான் உறிஞ்சியது பாறை இடுக்கில் மழைக்கு மழை கசிந்து சேர்ந்தது.

ஒரு பங்குனியில் பக்கத்து வயல் அக்கா வந்தார். கிணற்றை நம்பிக் கத்தரி போட்டிருந்தார். "தம்பி, கெணத்துல மோட்டார் காத்தத்தான் இழுக்கு. ஒங்க போரு ராத்திரியெல்லாம் ஓடுதோ?"

"நம்ம போருலயும் தண்ணி இல்லக்கா" என்றேன்.

நாங்கள் நின்ற வரப்பின் உடைப்பு வழியாக என் தண்ணீர் ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். மறுபேச்சு பேசவில்லை. கத்தரியை அந்த வருஷம் பாதியிலேயே விட்டுவிட்டார்.

கிணறு வற்றியதற்கு என் போர் மட்டுமே காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, சுற்றிலும் போர்கள். இந்த வாதத்துக்குள்ளும் ஒளிந்து பார்த்தேன். போர் எதுவானாலும் சொன்ன பொய் என்னுடையது.

இந்தக் கோடையில் பாதி வயலில் உளுந்து. மீதியில் நெல்தான் நிற்கிறது. ராத்திரி எழுந்து போக மனம் வராததால் ஆட்டோவை இன்னும் கழற்றவில்லை. அக்காவிடம் உண்மையையும் இன்னும் சொல்லவில்லை.