காராய்ப் பாலம் கடந்து கோலகங்சார் வரை

கால் ஒடிந்து கிடந்தவனுக்குத்தான் கால் மைல் தூரம் எவ்வளவு என்று தெரியும். எங்கள் வீட்டிலிருந்து ஒட்டுக்கடைக்குக் கால் மைல்கூட இராது. முப்பது வருடமாக மோட்டார் சைக்கிளில் போய்வந்த அந்தத் தூரத்தை, கக்கத்தில் இரண்டு ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு முதன்முதலாக நடந்த அன்று, வழியில் மூன்று இடத்தில் நின்றேன். மூன்றாவது இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் என்றுதான் பார்த்தவர்களிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. "இனி நம் பாடு இவ்வளவுதானா?" என்ற நினைப்பு.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். முதல் நாள் இரவு நல்ல மழை. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிரட்டுக்குக் கிளம்பினேன். தோட்டத்து மண் சாலையில், செம்பனைக் காட்டை ஒட்டிய வளைவில், நனைந்த மட்டை ஒன்று குறுக்கே கிடந்திருக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறியது தெரியும். அடுத்து தெரிந்தது, வண்டி என் இடது கால்மேல் கிடந்ததுதான். பழம் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் வரும்வரை செம்மண் சேற்றிலேயே கிடந்தேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மருத்துவமனையில் எலும்பின் உள்ளே நீளமான உலோகக் கம்பியைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணி வைத்து முடுக்கினார்கள். "கம்பி எலும்பைப் பிடித்துக்கொள்ளும், ஒட்ட வேண்டியது எலும்புதான். அதற்கு அவசரம் கிடையாது" என்றார் டாக்டர். சிகரெட்டை அன்றே விடச் சொன்னார். புகை பிடித்தால் எலும்பு ஒட்டத் தாமதமாகுமாம். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தை அந்த ஒரு வார்த்தைக்காக விட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் நேர்வழியில் ஏற்படும் விபத்தும் சொக்சோ பாதுகாப்பில் சேரும். டாக்டர் கொடுக்கும் விடுப்பு நாட்களுக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்க வழி உண்டு. மருத்துவச் சீட்டு, போலீஸ் புகார், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் என் மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் எங்கள் அடுப்பு எரிந்தது. தாளைத் தொலைப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

அதே மனைவி இன்னொன்றையும் பத்திரப்படுத்தி வைத்தாள். என் வண்டிச் சாவியை.

எங்கே வைத்தாள் என்று நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. 1999-இல் அவளுடைய தம்பி பெரிய சாலையில் மோட்டார் சைக்கிளில் போய்த்தான் மாண்டான். இருபத்து மூன்று வயது. அதற்குப் பிறகும் அவள் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்றால், அது வேறு வழியில்லாததால்தான். தோட்டத்துக்கு உள்ளே பஸ் வருமா? சந்தைக்கு, கோயிலுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு, கிளினிக்குக்கு, எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த இரண்டு சக்கரம்தானே.

எட்டு மாதம் ஓடியது. தொடைச் சதை சூம்பிப்போய், கால் சட்டைக்குள் காற்று புகுந்து விளையாடியது. காலையும் மாலையும் பயிற்சி செய்தேன். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலை இறுக்கிப் பிடித்து விடுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. முதல் மாதம் ஒரு தரம்கூடத் தூக்க முடியவில்லை. ஆறாம் மாதம் இருபது தரம் தூக்கினேன்.

2017 ஜூலை மாதம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புது எலும்பு திரண்டிருந்தது. வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ஊன்றுகோல் இல்லாமல் அந்த அறையில் நடக்கச் சொன்னார். இடது காலில் மட்டும் நின்று பத்து எண்ணச் சொன்னார். மயக்கம் தரும் வலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "வெயில் நாளாகப் பார்த்து, நேரான சாலையாகப் பார்த்து ஆரம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சாவி சாமி படத்தின் முன்னால் இருந்தது. திருநீறு பூசியிருந்தது.

"கோலகங்சார் போய் ஒரு லாபு வாங்கிட்டு வாங்க" என்றாள். "உடையாம கொண்டு வந்தா, அப்புறம் பின்னால உட்கார்றதப் பத்தி யோசிக்கிறேன்."

லாபு என்றால் தெரியுமல்லவா? கோலகங்சாருக்கு எதிரே ஆற்றங்கரையில் உள்ள சாயோங் கம்பத்தில் செய்கிற கறுப்பு மண்கூஜா. சுரைக்காய் வடிவத்தில் இருக்கும். சுட்ட சூட்டோடு நெல் உமியில் போட்டு எடுப்பதால் அந்தக் கறுப்பு ஏறுகிறது. தண்ணீர் ஊற்றி வைத்தால் ஜில்லென்று இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் உடைந்தும் போகும்.

காராய்ப் பாலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். சட்டைமேல் ஜாக்கெட்டை நம் வழக்கப்படி முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டேன். வலது காலால் உதைத்துக் கிளப்ப வேண்டுமானால் உடல் பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும். அதனால் பொத்தானை அழுத்தியே கிளப்பினேன்.

நம்முடைய சின்ன வண்டிகளில் கியர் இடது காலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் மிதிப்பது எளிது. குதிகாலால் பின்னால் மிதித்துக் குறைக்கும்போதுதான் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரு சுளீர். ஆகவே வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, மெல்ல மிதிக்கப் பழகினேன். நிற்கும்போது வலது காலை ஊன்றி, கைப் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வாசலிலேயே பத்து நாள் இதைப் பழகியிருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து பெரிய சாலையில் நேராகவே கோலகங்சார் போய்விடலாம். நான் காராய் வழியாகப் போனேன். காரணம் இருக்கிறது.

காராயில் பேராக் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் என்ற பழைய ரயில் பாலம் ஒன்று உண்டு. ஈயம் ஏற்றிச் செல்ல 1897-இல் கட்டத் தொடங்கி 1900-இல் முடித்தார்கள். செங்கல் தூண்கள்மேல் இரும்புச் சட்டங்கள். நூறு ஆண்டுக்கு மேல் ரயிலைச் சுமந்த அந்தப் பாலத்துக்கு, பக்கத்தில் புதுக் கான்கிரீட் பாலம் வந்த பிறகு, 2002-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டி ஓர் ஒடுக்கமான பாதை இருக்கிறது. நடப்பவர்களும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் அதில்தான் ஆற்றைக் கடப்பார்கள்.

1991-இல் அந்தப் பாதையில்தான் நான் பெண் பார்க்கப் போனேன். அப்போது ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். நடுப் பாலத்தில் போகும்போது ரயில் வந்துவிட்டது. பாலம் முழுவதும் அதிர, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி நின்றேன். பெண் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தபோதும் என் கை நடுங்கியது. பெண்ணைப் பார்த்து நடுங்குகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இன்றுவரை நான் மறுத்துச் சொல்லவில்லை.

இந்தத் தடவை ரயில் இல்லை. கீழே பழுப்பு நிறத்தில் ஆறு மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முதல் கியரில் மெல்லப் போனேன். பாதி தூரம் வந்த பிறகு பார்த்தால், எதிரே ஒரு மலாய்ப் பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிரேக்கைப் பிடித்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பத்து நாள் பழகிய பழக்கமெல்லாம் பறந்துபோய், இடது கால் தானாகவே கீழே ஊன்றிவிட்டது.

மூச்சு நின்றுபோனது. "போச்சு" என்று நினைத்தேன்.

கால் நின்றது. என்னையும் வண்டியையும் தாங்கிக்கொண்டு நின்றது. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நின்றது.

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, சைக்கிளைக் கம்பியோடு ஒட்டி இழுத்துக்கொண்டு, "பெலான் பெலான்" என்றார். நானும் அப்படியே மெல்ல மெல்லப் போய் அடுத்த முனை சேர்ந்தேன். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய இரும்புதான் அந்தப் பாலமும். என் காலுக்குள்ளும் இரும்புதான். நல்ல கூட்டு என்று தோன்றியது.

பால் மரத்தின் முன்னால்

கோலகங்சார் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், பள்ளிவாசலைப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு ரப்பர் மரம்.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ ரப்பர் வளர்ப்பில் அக்கறை காட்டியவர். அந்த முதல் தலைமுறையில் எஞ்சி நிற்பது இந்த மரம்.

என் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். நானும் பதினாறு வயதில் உளி பிடித்தவன்தான். பிறகு தோட்டமெல்லாம் செம்பனையாக மாறிவிட்டது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியதற்கும், நாம் இந்த மண்ணில் பிறந்ததற்கும் காரணமான மரத்தின் உறவு அது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன்.

அப்பா பால் வெட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது. "பட்டையைத்தான் சீவணும், கட்டையத் தொடக்கூடாது. தொட்டா அந்த இடத்துல முண்டு விழும். முண்டு விழுந்த மரமும் சாகாதுடா, ஆனா திரும்ப அதுக்கிட்ட அவசரப்படக்கூடாது." சீவிய பட்டை மீண்டும் வளரப் பல வருடம் ஆகும், அதுவரை மறு பக்கம் வெட்டிக் காத்திருப்போம். மரத்துக்குக் கொடுத்த பொறுமையை என் காலுக்கு நான் கொடுக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. எலும்பு ஒட்டிய இடத்தில் எனக்கும் ஒரு முண்டு இருக்கிறது. தடவிப் பார்த்தால் தெரியும்.

அங்கிருந்து புக்கிட் சண்டான் மேட்டுக்குப் போய், உபுடியா பள்ளிவாசலை வெளியில் நின்று பார்த்தேன். பொன்னிறக் கும்பம் வெயிலில் கண்ணைக் கூசியது. சுல்தான் இட்ரிஸ் நோய்ப்பட்டுக் குணமானதற்கு நன்றியாக நேர்ந்துகொண்டு கட்டியது அது. 1913-இல் வேலை தொடங்கியது. இடையில் இரண்டு யானைகள் சண்டையிட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டனவாம். 1917-இல் கட்டி முடிந்தபோது சுல்தான் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். நேர்த்திக்கடன் மட்டும் நிறைவேறியது. அரசனானாலும் ஆண்டியானாலும் படுக்கையில் விழுந்தால் நேர்ந்துகொள்வது ஒன்றுதான் போலும். நம்மால் முடிந்தது ஒரு தேங்காயும் சூடமும்.

கடைத்தெருவில் லாபு வாங்கினேன். பழைய கைலியில் சுற்றி, செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, வண்டியின் முன்கூடையில் வைத்துக் கட்டினேன். திரும்பும்போது இஸ்கந்தர் பாலம் வழியாக வந்தேன். 1932-இல் திறந்த வளைவுப் பாலம். லாரிகள் கடந்து போகும்போது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். முன்பெல்லாம் ஒதுங்கத் தெரியாது எனக்கு. வீடு எட்டும்வரை ஒவ்வொரு குழியிலும் என் நினைப்பு அந்தக் கூஜாவில்தான். ஒரு மண்கூஜாவைக் காப்பாற்ற இவ்வளவு கவனமாக ஓட்டுகிறவன், எலும்பும் சதையுமான உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் எப்படி ஓட்டினேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் ஏன் லாபு கேட்டாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

தோட்டத்து மண் சாலைக்குள் திரும்பினேன். அந்த வளைவு வந்தது. காலையில் போகும்போது கண்ணை நேரே வைத்துக்கொண்டு கடந்துவிட்டேன். இப்போது மதியம் ஒரு தூறல் போட்டு மண் வழுக்கலாக இருந்தது. வண்டியை நிறுத்தினேன். இறங்கினேன். தள்ளிக்கொண்டு நடந்தேன்.

வளைவின் அந்தப் பக்கம், செம்பனை நிழலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, ஓட்ட முடியாமலா தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

"ஓட்டத் தெரிஞ்சதாலதான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

அவள் கைலியைப் பிரித்து லாபுவை வெளியே எடுத்தாள். ஒரு கீறல் இல்லை. விரலால் சுண்டிப் பார்த்தாள். கணீரென்றது. அப்போதுதான் கவனித்தேன்: அவளுடைய இன்னொரு கையில் அவளுடைய தலைக்கவசம் இருந்தது.

அங்கிருந்து வீட்டுக்கு இருப்பது கால் மைல். மடியில் லாபுவை வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார, மெல்ல ஓட்டி வந்து சேர்ந்தேன். அந்த லாபுவில் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம்.