வாயிற்படி தாண்டிய கோலம்

பாடுகின்றவனைப் பாடகன் என்கிறோம். சிலை செதுக்குகின்றவனைச் சிற்பி என்கிறோம். விடியுமுன் எழுந்து, குனிந்த இடுப்போடு புள்ளி வைத்து, அளவுகோலின்றி இழை வளைக்கும் பெண்ணை யாதென்கிறோம்? அவள் செய்வது வீட்டு வேலை என்கிறோம். அத்துடன் பேச்சு முடிந்தது.

தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்த நாம் இதனை நன்கறிவோம். பெரட்டுக்கு மணியடிக்குமுன் நம் அன்னையார் வாசலிற் கோலத்தை முடித்துவிட்டே பால்மரம் வெட்டப் புறப்படுவார். அரிசிமாவுக்கு வழியற்ற நாட்களிற் சுண்ணாம்புத் தூளே கைகொடுக்கும். பொழுது சாயுமுன் மாட்டுக் குளம்பும் சைக்கிட் சக்கரமும் அதனை அழித்துவிடும். மறுநாள் வேறொன்று பிறக்கும். இவ்வாறு எத்துணையோ கோலம் வரைந்த அக்கை, அவற்றுள் ஒன்றின் கீழேனும் தன் பெயரை எழுதிற்றில்லை. எழுதலாம் என்று எவரும் அவருக்குச் சொன்னதுமில்லை.

நிற்க. அதே கோலம் சிங்கப்பூரில் இன்று எந்நிலையில் உள்ளது என்பதைக் காண்போம். 2003 ஆம் ஆண்டில் விஜயலட்சுமி மோகன் என்னும் அம்மையார் இந்நகரில் 2,756 சதுர அடிப் பரப்பில் ரங்கோலியிட்டு கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றார். 2023 ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி, சுதா ரவி என்னும் அம்மையாரும் அவர்தம் மகளாரும் படைத்த ரங்கோலியொன்று லிட்டில் இந்தியாவில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் அளவு ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர். அதற்குப் பயன்பட்டவையோ 26,000 ஐஸ்கிரீம் குச்சிகள்! அவற்றினூடே எழுந்தன தமிழ்ப் புலவர்தம் திருவுருவங்கள். சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்திலும் அது பதிவாயிற்று.

குச்சியை அடுக்குவது கோலமாகுமா என்று கேட்பாரும் உளர். மாவிலேதான் கோலம் உள்ளது என்பது அன்னார் எண்ணம் போலும். ஆயின், 1974 ஆம் ஆண்டிலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அறிஞர் மூவர் கோலத்தைக் கணித நெறியில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருத்தல்போலக் கோலத்திற்கும் விதி வகுத்துக் காட்டவியலும் என்பது அவர்தம் ஆய்வால் விளங்கிற்று. எனவே கோலம் மாவிலில்லை, ஒழுங்கில் உள்ளது. ஓலையில் எழுதிய தமிழ் தாளில் ஏறியபோது தமிழல்லாது போயிற்றா? மாவை விட்டுக் குச்சியில் ஏறிய கோலமும் அத்தகையதே.

ஆயினும், பரப்பின் பெருமையும் குச்சியின் தொகையும் நமக்குப் பெரியனவல்ல. வாயிற்படியில் இருந்தவரை ஊழியம் எனப்பட்ட ஒன்று, வீதிக்கு வந்ததும் கலை எனப்படுகிறது. இட்டவரின் பெயரும் உடன் வருகிறது. இதுவே நாம் கருதத்தக்கது. கைத்திறன் இரண்டிடத்தும் ஒன்றே. மாறியது பார்ப்போர் கண்ணேயாம். அக்கண் திறப்பதற்குச் சாதனைப் புத்தகம் வரவேண்டியிருந்தது என்பது நம்மனோர் நாணத்தக்க செய்தி.

ஆதலின் தோழர்களே, உங்கள் இல்லத்திற் கோலமிடும் தாயோ, தமக்கையோ, மனைவியோ யாவராயினும் அவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். தாம் அறிந்த கோலங்களை அதில் வரைந்து, அடியிற் பெயரும் ஆண்டும் எழுதச் சொல்லுங்கள். நாளை உங்கள் மக்கள் அத்தாளைப் பார்த்து, இதனை இட்டவர் இன்னாரெனச் சொல்லட்டும்.