ஓரத்தில் எழுதிய வினா

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், வெள்ளவத்தையில் இதழியல் பயிற்றும் எனக்குத் திருத்துதற்குப் பிழைகள் அருகின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைப் பற்றி மாணவனொருவன் தந்த கட்டுரைக்கு உயர்ந்த புள்ளியிட்டேன்.

“அங்கே யாரோடு உரையாடினாய், தம்பி?” என்று வினவினேன். அவன் அங்குச் சென்றதேயில்லை. நாணியவன் யானே.

எம் கல்லூரி ஆசிரியரொருவர் கட்டுரைகளைத் திருத்தித் தாரார். ஓரத்தில் வினாக்களை மட்டுமே எழுதுவார். அவ்வழக்கத்தை யான் மறந்திருந்தேன். புள்ளியை அழித்து, “வாயிலில் முதலிற் கண்டவர் யார்?” என்றெழுதிக் கொடுத்தேன்.

மறுவாரம், பூக்கட்டும் மூதாட்டியொருவரின் சொற்களைப் பிழை மலிந்த பத்து வரிகளிற் கொணர்ந்தான். இருவரும் அருகருகே அமர்ந்து திருத்தினோம். கல்லின் வரலாற்றைப் பொறி சொல்லிற்று. வாயிலில் இருந்தவரைக் காண அவனே நடக்கவேண்டியிருந்தது. நடக்கச் செய்த அவ்வினா என் ஆசிரியருடையது.